பெயர் இல்லாத படங்கள்: விளம்பரப் புகைப்படக் கலைஞர்களை மறந்த சட்டம்

புது தில்லி: இந்தியர் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் ஒரு புகைப்படம் இருக்கிறது. ரூபாய் நோட்டில் புன்னகைக்கும் காந்தியடிகளின் முகம் ஓவியர் எவரும் கற்பனையில் வரைந்ததன்று. 1946-இல் தில்லியில், அன்றைய வைஸ்ராய் மாளிகையில், பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழுவுடன் வந்திருந்த பெதிக் லாரன்ஸ் பிரபுவின் அருகே அவர் நின்றிருந்தபோது எடுக்கப்பட்ட புகைப்படத்திலிருந்து எடுத்தாளப்பட்டது அது. 1996-இல் மகாத்மா காந்தி வரிசை நோட்டுகள் வெளிவரத் தொடங்கிய பிறகு அந்த முகம் கோடானுகோடி முறை அச்சாகிவிட்டது. அந்தப் படத்தை எடுத்தவர் யார் என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

அந்தக் கலைஞரின் பெயர் மறைந்ததற்கு வரலாற்றின் மறதியைக் காரணம் சொல்லலாம். ஆனால் சோப்பு, சேலை, சிமென்ட், சுற்றுலா என நாள்தோறும் கண்ணில் படும் ஆயிரக்கணக்கான விளம்பரப் படங்களை எடுத்தவர்களின் பெயர் மறைவதற்குக் காரணம் மறதியன்று, சட்டம். நாடாளுமன்றம் இயற்றிய பதிப்புரிமைச் சட்டத்தின் ஒரு சிறு உட்பிரிவு, கூலி பெற்றுக்கொண்டு படம் எடுக்கும் கலைஞரிடமிருந்து, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அந்தப் படத்தின் உரிமையை ஷட்டர் அழுத்தப்பட்ட கணத்திலேயே எடுத்துக்கொண்டு விடுகிறது.

ஆறு பதிற்றாண்டுகளுக்கு மேலாக நீடிக்கும் இந்த ஏற்பாட்டை மாற்ற 2012-இல் நாடாளுமன்றத்துக்கு ஒரு வாய்ப்பு வந்தது. பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் அந்த வாய்ப்பால் பயன் பெற்றனர். புகைப்படக் கலைஞர்களுக்குக் கிடைத்தது ஒரு விசித்திரமான பரிசு.

ஐதராபாத் முதல் மும்பை வரை

வணிகத்துக்காக எடுக்கப்படும் படம் கலையாகாது என்ற எண்ணம் இந்தியப் புகைப்பட வரலாற்றுக்குப் பொருந்தாதது. மீரட்டை அடுத்த சர்தனாவில் 1844-இல் பிறந்து, ரூர்க்கியில் பொறியியல் பயின்ற லாலா தீன்தயாள், இந்தூர், செகந்திராபாத், மும்பை நகரங்களில் ஸ்டூடியோ நடத்திய முழுநேரத் தொழில்முறைக் கலைஞர். மன்னர்களும் ஆங்கில அதிகாரிகளும் பணம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஐதராபாத் நிஜாம் அவருக்கு 'ராஜா' பட்டமும் 'முசாவிர் ஜங்' என்ற விருதுப் பெயரும் அளித்தார். 1897-இல் விக்டோரியா மகாராணியாரின் நியமனப் பத்திரம் கிடைத்தது. அவரது ஸ்டூடியோவின் 2,857 கண்ணாடித் தகட்டு நெகட்டிவ்கள் தில்லியில் இந்திரா காந்தி தேசிய கலை மையத்தின் சேகரிப்பில் சேர்ந்துள்ளன. 2006-இல் அவரது நினைவாக அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது. அரசர்களின் காலத்தில் ஒரு வணிகப் புகைப்படக் கலைஞர் பெயரோடும் பட்டத்தோடும் வாழ முடிந்தது.

விடுதலைக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் மித்தர் பேதி. லாகூரில் 1926-இல் பிறந்து மும்பையில் தொழில் நடத்திய இவர், 1950-களின் இறுதியில் தொழிற்சாலைப் புகைப்படத்தின் பக்கம் திரும்பினார். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், எஃகு ஆலைகள், கோபுரம்போல் எழுந்த குழாய்கள், உருளைகள் ஆகியவற்றை அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள், நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளுக்காகவும் விளம்பரங்களுக்காகவும் எடுக்கப்பட்டவை. ஐந்தாண்டுத் திட்டங்களின் இந்தியாவை இன்று கண்முன் நிறுத்துபவை அந்தப் படங்களே. 1985-இல் அவர் மறைந்தார். கூலிக்கு எடுக்கப்பட்ட அந்தப் படங்கள் இப்போது கலைக்கூடங்களில் மாட்டப்படுகின்றன.

1943 வங்கப் பஞ்சத்தைப் படமெடுத்து உலகின் மனசாட்சியைத் தொட்ட சுனில் ஜானாவும் தொழிற்சாலைகளைப் படமெடுத்தவரே. பத்மஸ்ரீ 1972-இலும், பத்மபூஷண் 2012-இலும் அவருக்கு வழங்கப்பட்டன. பஞ்சத்தின் படம், பழங்குடியினரின் படம், ஆலையின் படம் எல்லாம் ஒரே கண்ணின் படைப்பு. ஆனால் சட்டத்தின் பார்வையில் அவை ஒன்றல்ல. தானாக எடுத்த படம் கலைஞருக்கு. கேட்டு, பணம் கொடுத்து எடுக்கவைத்த படம் கேட்டவருக்கு.

ஒரு படத்தின் விலை

விளம்பரப் படம் ஒன்றின் பின்னால் உள்ள உழைப்பை வெளியுலகம் அதிகம் அறியாது. குளிர்பானப் புட்டி ஒன்றைப் படமெடுப்பதை எடுத்துக்கொள்ளலாம். உண்மையான பனிக்கட்டி விளக்குகளின் வெப்பத்தில் கரைந்துவிடும் என்பதால் அக்ரிலிக்கில் செதுக்கிய கட்டிகள் வைக்கப்படுகின்றன. புட்டியின் மேல் முத்துமுத்தாக நிற்கும் துளிகள் வெறும் நீரல்ல. கிளிசரின் கலந்து தெளிக்கப்பட்டவை. கண்ணாடியில் விளக்கின் பிம்பம் எங்கே விழ வேண்டும், புட்டியின் விளிம்பு பின்னணியிலிருந்து எப்படிப் பிரிந்து தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கவே மணிக்கணக்கில் ஆகலாம்.

பிலிம் காலத்தில் இது இன்னும் கடினம். ஸ்லைடு பிலிமில் வெளிச்சக் கணக்கு சிறிது தவறினாலும் படம் பயன்படாது. போலராய்டில் ஒரு சோதனைப் படம் எடுத்துப் பார்த்து, விளக்கை நகர்த்தி, மீண்டும் எடுத்துப் பார்த்து, கடைசியில்தான் உண்மையான படம். டிஜிட்டல் காமிரா வந்த பிறகு சோதனை எளிதாயிற்று. ஒளியைப் பற்றிய அறிவுக்கு மாற்று இன்னும் வரவில்லை.

இந்த உழைப்புக்கான ஊதியம் இரண்டு வகையாகக் கணக்கிடப்படலாம். மேலை நாடுகளில் பரவலாக உள்ள முறையில், படமெடுக்கும் கட்டணம் தனி, பயன்பாட்டுக் கட்டணம் தனி. எந்த ஊடகத்தில், எந்த நாட்டில், எத்தனை ஆண்டுகளுக்கு என்பதைப் பொறுத்துப் பயன்பாட்டுக் கட்டணம் அமையும். காலம் முடிந்த பிறகும் படத்தைப் பயன்படுத்த விரும்பினால் மீண்டும் பணம் செலுத்த வேண்டும். இந்தியாவிலோ எல்லா உரிமைகளும் அடங்கிய ஒரே தொகையைப் பேசி முடிப்பதே பெருவழக்கு. ஒரு நாள் வேலைக்குப் பேசிய தொகையில் உருவான படம், நாளிதழில் தொடங்கி, சுவரொட்டியாகி, பொட்டலத்தின் மேல் ஏறி, இணையத்தில் பல்லாண்டுகள் உலவினாலும் கலைஞருக்கு மேற்கொண்டு ஒரு ரூபாயும் வராது.

இந்த வழக்கத்துக்குப் பேரம் பேசத் தெரியாமை மட்டும் காரணமன்று. பேரம் தொடங்கும் முன்பே தராசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.

17-ஆவது பிரிவு சொல்வது என்ன?

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 2-ஆவது பிரிவு, புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவரே என்று தெளிவாகக் கூறுகிறது. 17-ஆவது பிரிவு, ஆசிரியரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் என்கிறது. அதே பிரிவின் 'பி' உட்பிரிவு இந்தப் பொதுவிதிக்கு ஒரு விலக்கு அளிக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில், பணம் முதலான மதிப்புள்ள ஒன்றைப் பெற்றுக்கொண்டு எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் ஏதும் இல்லாவிட்டால், கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர் ஆவார்.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒரு நிறுவனம் தன் புதிய பொருளுக்காக வெளியிலிருந்து ஓர் எழுத்தாளரை அமர்த்தி வாசகம் எழுத வைக்கிறது. ஒரு புகைப்படக் கலைஞரை அமர்த்திப் படம் எடுக்க வைக்கிறது. இருவருக்கும் பணம் கொடுக்கிறது. யாரிடமும் எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இல்லை. வாசகத்தின் பதிப்புரிமை எழுத்தாளரிடமே நிற்கும். அதை மாற்றிக்கொள்ள 19-ஆவது பிரிவின்படி கையெழுத்திட்ட ஆவணம் தேவை. அந்த ஆவணத்தில் காலவரையறை குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ள வேண்டும் என எழுதியவருக்குச் சாதகமாகச் சட்டம் காவல் நிற்கிறது. புகைப்படத்துக்கு அந்தக் காவல் பயன்படாது. உரிமை முதலிலேயே நிறுவனத்துக்குப் போய்விட்டதால், மாற்றித் தருவதற்குக் கலைஞரிடம் எதுவும் மிஞ்சுவதில்லை.

இந்த விதி இந்திய மண்ணில் பிறந்ததன்று. 1911-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டத்தில் இருந்தது. 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இந்தியாவுக்கு வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் நாடாளுமன்றமும் அதை அப்படியே வைத்துக்கொண்டது. அக்காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. பணம் கொடுத்துப் படமெடுக்கவைப்பது என்றாலே ஸ்டூடியோவுக்குச் சென்று குடும்பப் படம் எடுத்துக்கொள்வதுதான். தன் மனைவி மக்களின் படத்தை ஸ்டூடியோக்காரர் கடை வாசலில் மாட்டி வைப்பதையோ, வேறொருவருக்கு விற்பதையோ தடுக்கும் உரிமை வாடிக்கையாளருக்கு வேண்டும் என்பது ஏற்கத்தக்க கருத்தே. குடும்பத்தின் அந்தரங்கத்தைக் காக்க வந்த விதி, விளம்பரத் தொழில் வளர்ந்த பிறகு பெருநிறுவனங்களின் சொத்துரிமையாக மாறியது.

2012: யாருக்குக் கிடைத்தது?

இதே 17-ஆவது பிரிவுதான் திரையிசைக் கலைஞர்களின் நீண்ட போராட்டத்துக்கும் காரணமாக இருந்தது என்பது பலருக்கு நினைவிருக்காது. பணம் கொடுத்துப் பாடல் எழுதவும் இசையமைக்கவும் செய்த தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் ஆகலாம் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பை இணைத்து, கலைஞர்களின் நிலையை நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும் எனச் சுட்டிக்காட்டினார்.

நாடாளுமன்றம் கவனிக்க 35 ஆண்டுகள் ஆயின. 2010 ஏப்ரலில் மாநிலங்களவையில் அறிமுகமான பதிப்புரிமைத் திருத்த மசோதா, நிலைக்குழுவின் ஆய்வுக்குச் சென்று திரும்பி, 2012 மே 17 அன்று மாநிலங்களவையிலும், மே 22 அன்று மக்களவையிலும் நிறைவேறியது. அப்போது மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சராக இருந்த கபில் சிபல் மசோதாவைக் கொண்டுவந்தார். நியமன உறுப்பினராக மாநிலங்களவையில் இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் தன் சகாக்களுக்காக வாதாடினார். கட்சி வேறுபாடின்றி அவை ஆதரித்தது. திரைப்படத்தில் இடம்பெறும் மூலப் படைப்புகளின் ஆசிரியர்களுடைய உரிமையை 17-ஆவது பிரிவின் 'பி', 'சி' உட்பிரிவுகள் பாதிக்கா என்ற புதிய விதி சேர்க்கப்பட்டது. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமைத்தொகையில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கும் உறுதியாயிற்று.

திரைப்படத்துக்கு வெளியே, விளம்பரத்துக்காகவோ நிறுவனத்துக்காகவோ எடுக்கப்படும் புகைப்படத்தைப் பொறுத்தவரை 'பி' உட்பிரிவு தொடப்படவே இல்லை. புகைப்படக் கலைஞர்களுக்காகப் பேச அவையில் ஒரு ஜாவேத் அக்தர் இருக்கவில்லை.

ஆனாலும் அந்தத் திருத்தத்தில் புகைப்படத்துக்கென்று ஒரு மாற்றம் இருந்தது. அதற்கு முன்பு புகைப்படத்தின் பதிப்புரிமைக் காலம், வெளியான பிறகு 60 ஆண்டுகள் மட்டுமே. நூலுக்கும் ஓவியத்துக்கும் உள்ளதுபோல் ஆசிரியரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் என்ற காலம் புகைப்படத்துக்கு இல்லை. புகைப்படத்தை இரண்டாந்தரப் படைப்பாக நடத்தக் கூடாது என்ற 1996-ஆம் ஆண்டு பன்னாட்டு உடன்படிக்கையின் கருத்தை ஏற்று, 25-ஆவது பிரிவை நாடாளுமன்றம் நீக்கியது. 2012 ஜூன் 21 முதல் புகைப்படத்துக்கும் வாழ்நாளும் 60 ஆண்டுகளும் என்றாயிற்று. சட்டம் நடைமுறைக்கு வந்த அதே நாளில்தான் சுனில் ஜானா அமெரிக்காவின் பெர்க்லியில் காலமானார்.

இந்த நீட்டிப்பின் பலன் யாருக்கு? 30 வயதுக் கலைஞர் ஒருவர் 2015-இல் ஒரு நிறுவனத்துக்காகப் படம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் 80 வயது வரை வாழ்ந்து 2065-இல் மறைந்தால், அந்தப் படத்தின் பதிப்புரிமை 2125-ஆம் ஆண்டு முடியும் வரை நீடிக்கும். அந்த 110 ஆண்டுகளும் உரிமை நிறுவனத்துடையது. எவ்வளவு காலம் என்று கணக்கிடுவதற்கு மட்டும் கலைஞரின் ஆயுள் பயன்படுகிறது.

குற்றப்பத்திரிகையில் மட்டும் பெயர்

விளம்பரப் படத்தில் கலைஞரின் பெயர் அச்சிடப்படுவது அரிது. பத்திரிகைச் செய்திப் படத்தின் கீழே சிறு எழுத்திலாவது பெயர் வரும். விளம்பரத்தில் நிறுவனத்தின் பெயருக்கே இடம். ஆனால் அந்தப் படம் சர்ச்சைக்குள்ளானால் நிலைமை வேறு.

1995-இல் மிலிந்த் சோமன், மது சப்ரே ஆகியோர் மலைப்பாம்புடன் தோன்றிய காலணி விளம்பரம் நாடெங்கும் பரபரப்பை ஏற்படுத்தியது. மும்பை போலீசார் பதிவு செய்த வழக்கில் நடித்த இருவர், விளம்பர நிறுவனம், பத்திரிகை வெளியீட்டாளர்கள் ஆகியோருடன் படம் எடுத்த பிரபுத்த தாஸ்குப்தாவும் சேர்க்கப்பட்டார். 14 ஆண்டுகள் இழுத்தடித்த வழக்கு 2009-இல் விடுதலையில் முடிந்தது. அந்தப் படத்தால் கிடைக்கும் வணிக உரிமைக்குச் சட்டத்தின் இயல்பான ஏற்பாட்டில் விளம்பரதாரரே உரியவர். குற்றம் என்று வந்தபோது மட்டும் 'எடுத்தவர் யார்' என்ற கேள்விக்குச் சட்டத்திடம் தயக்கமில்லாத பதில் இருந்தது.

தாஸ்குப்தாவின் தந்தை பிரதோஷ் தாஸ்குப்தா புகழ்பெற்ற சிற்பி. தில்லி தேசிய நவீன கலைக்கூடத்தின் பொறுப்பில் இருந்தவர். விளம்பர வாசகம் எழுதுபவராகத் தொடங்கிய மகன், இந்திய ஃபேஷன் புகைப்படத்தின் முகத்தையே மாற்றினார். 2012 ஆகஸ்டில், 55 வயதில் அவர் மறைந்தார்.

பெயருக்கான உரிமை சட்டத்தில் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 57-ஆவது பிரிவு, பதிப்புரிமையை விற்றுவிட்ட பிறகும், படைப்பு தன்னுடையது என்று உரிமை கோரவும், தன் நற்பெயருக்குக் களங்கம் விளையும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கவும் ஆசிரியருக்கு இடமளிக்கிறது. இதன் வலிமையைத் தில்லி உயர் நீதிமன்றம் 2005-இல் நிலைநாட்டியது. சிற்பி அமர்நாத் சேகல் விஞ்ஞான் பவனுக்காக உருவாக்கிய பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை அரசு 1979-இல் பெயர்த்து எடுத்துக் கிடங்கில் போட்டது. உரிமை அரசிடம் இருந்தபோதிலும், படைப்பாளியின் மரியாதையைக் குலைக்கும் உரிமை அரசுக்கு இல்லை என்று நீதிமன்றம் கூறி, ரூ. 5 லட்சம் இழப்பீடு வழங்கவும், எஞ்சிய சிற்பத்தைச் சிற்பியிடமே ஒப்படைக்கவும் உத்தரவிட்டது.

2012 திருத்தம் 65பி என்ற இன்னொரு பிரிவையும் தந்தது. டிஜிட்டல் கோப்புக்குள் பதிந்திருக்கும் ஆசிரியரின் பெயர் போன்ற உரிமைத் தகவல்களைத் தெரிந்தே நீக்குவது 2 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கும் அபராதத்துக்கும் உரிய குற்றம். இவ்விரு பிரிவுகளும் கலைஞரின் கையிலுள்ள ஆயுதங்கள். ஆனால் அடுத்த வேலையும் அதே விளம்பர நிறுவனத்திடமிருந்துதான் வர வேண்டும் என்ற நிலையில் அவற்றை எடுத்து வீசத் துணிபவர்கள் குறைவு. பெயர் கோரும் உரிமையையும் விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கும் வழக்கமும் உண்டு.

விருதுகளின் எல்லை

அங்கீகாரம் என்பது சட்டத்தோடு முடிவதில்லை. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் புகைப்படப் பிரிவு 1959-இல் தொடங்கப்பட்டது. அது நடத்தும் தேசிய புகைப்பட விருதுகள் அரை நூற்றாண்டு கழித்து, 2010-இல்தான் முதன்முதலாக வழங்கப்பட்டன. முதல் வாழ்நாள் சாதனையாளர் விருதைப் பெற்றவர் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞராகப் போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா.

அங்கீகாரம் எவ்வளவு தாமதமாக வரும் என்பதற்கு அவரே சாட்சி. 1913-இல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்த அவரது தொடக்ககாலப் படங்கள் அவருடைய கணவர் மானெக்ஷாவின் பெயரில்தான் வெளியாயின. 1942-இல் தில்லிக்கு வந்து, அதிகார மாற்றத்தையும் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தையும் நேருவின் காலத்தையும் படமெடுத்தார். 'புகைப்படம் எடுக்கத் தடை' என்ற அறிவிப்புப் பலகையின் அருகே நேரு நிற்கும் படம் அவர் எடுத்ததே. 1970-இல் காமிராவைக் கீழே வைத்தார். பத்மவிபூஷண் 2011-இல் வந்தபோது அவருக்கு வயது 97. அடுத்த ஆண்டு ஜனவரியில் காலமானார்.

தேசிய புகைப்பட விருதுகள் வாழ்நாள் சாதனையாளர், தொழில்முறைக் கலைஞர், பொழுதுபோக்குக் கலைஞர் என்ற பிரிவுகளில் வழங்கப்பட்டு வந்துள்ளன. 2022-இல் நடந்த எட்டாவது விழாவில் தொழில்முறையினருக்கான பொருள் 'வாழ்வும் நீரும்'. மற்றவர்களுக்கு 'இந்தியாவின் பண்பாட்டுப் பாரம்பரியம்'. நல்ல பொருள்கள்தான். ஆனால் ஒளியமைப்பும் கற்பனையும் கொண்டு ஒரு பொருளை, ஓர் ஆடையை, ஒரு கட்டடத்தைப் படைப்பாக்கும் விளம்பரக் கலைஞருக்கு அங்கே தனியிடம் இல்லை.

தேசியத் திரைப்பட விருதுகளில் ஒளிப்பதிவாளருக்கு விருது உண்டு. படப்பிடிப்புத் தளத்தில் புகைப்படம் எடுப்பவருக்கு இல்லை. சத்யஜித் ராயின் படப்பிடிப்புகளை ஏறத்தாழ கால் நூற்றாண்டு பதிவு செய்த நிமாய் கோஷுக்கு 2010-இல் பத்மஸ்ரீ கிடைத்தது அரிய விதிவிலக்கு. தமிழ்த் திரையுலகில் 'ஸ்டில்ஸ்' என்ற சொல்லையே பெயருக்கு முன்னால் சூடிக்கொண்டு கலைஞர்கள் தங்கள் அடையாளத்தைத் தாங்களே நிறுவிக்கொண்டதும் இந்தப் பின்னணியில்தான்.

எதிர்வாதமும் உலக வழக்கும்

விளம்பரத் துறையின் தரப்பிலும் வாதம் உண்டு. படத்தின் கருவை உருவாக்குபவர் விளம்பர நிறுவனத்தின் கலை இயக்குநர், பொருள் நிறுவனத்துடையது, முகம் மாடலுடையது, ஒப்பனை, அரங்க அமைப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆட்கள். இத்தனை பேர் சேர்ந்து உருவாக்கிய படத்தின் உரிமை காமிராவை இயக்கியவருக்கு மட்டும் எப்படிச் சேரும்? ஒவ்வொரு மறுபயன்பாட்டுக்கும் அனுமதி கேட்டு நிற்க வேண்டுமானால் வணிகம் நடக்குமா?

இந்தக் கேள்விகள் புறந்தள்ளத்தக்கவை அல்ல. பலரது உழைப்பும் தன் முதலீடும் சேர்ந்ததே படம் என்று திரைப்படத் தயாரிப்பாளர்களும் வாதிட்டனர். அதன் பிறகும் பாடலாசிரியரின் பங்கை நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. தவிர, உரிமை கலைஞரிடம் இருக்க வேண்டும் என்பதன் பொருள் நிறுவனம் அதைப் பெறக் கூடாது என்பதன்று. கேட்டு, விலை பேசி, எழுதி வாங்கிக்கொள்ளட்டும் என்பதே.

இந்த விதியை இந்தியாவுக்குத் தந்த பிரிட்டன், தன் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதைக் கைவிட்டது. குடும்பப் படங்களுக்கு மட்டும், அவற்றைப் பொதுவில் வெளியிடுவதைத் தடுக்கும் அந்தரங்க உரிமையை வாடிக்கையாளருக்கு அளித்தது. ஆஸ்திரேலியா 1998-இல் சொந்த, குடும்பப் பயன்பாட்டுக்கான படங்களையும் வணிகப் படங்களையும் பிரித்து, வணிகப் படங்களின் உரிமையைக் கலைஞருக்குத் தந்தது. கனடா 2012-இல், இந்தியா தன் சட்டத்தைத் திருத்திய அதே ஆண்டில், இந்த விதியை நீக்கியது. சிங்கப்பூர் 2021-இல் நடைமுறைப்படுத்திய புதிய சட்டத்தில் கலைஞரையே முதல் உரிமையாளராக்கியது.

மீண்டும் ஒரு வாய்ப்பு

பதிப்புரிமைத் துறை 2016-இல் மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்திடமிருந்து வர்த்தக, தொழில் அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டது. அறிவுசார் சொத்துரிமை பற்றி ஆராய்ந்த நாடாளுமன்ற வர்த்தக நிலைக்குழு, 2021 ஜூலையில் அளித்த அறிக்கையில் செயற்கை நுண்ணறிவைக் கருத்தில் கொண்டு சட்டங்களை மறுஆய்வு செய்ய வேண்டும் என்றது. அமைச்சகம் அமைத்த குழுவின் ஆய்வறிக்கை 2025 டிசம்பரில் வெளியாயிற்று. செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கப் படைப்புகளைப் பயன்படுத்தும் நிறுவனங்கள், அதற்காகப் பதிப்புரிமை உடையவர்களுக்கு உரிமைத்தொகை செலுத்த வேண்டும் என்பது அதன் பரிந்துரையின் சாரம்.

புகைப்படக் கலைஞர்களுக்கு இதில் ஆபத்தும் உண்டு, வாய்ப்பும் உண்டு. சொற்களைத் தட்டினால் புட்டியும் பனித்துளியும் கொண்ட படத்தை நொடியில் உருவாக்கும் கருவிகள், முன்னர் மனிதர்கள் எடுத்த படங்களிலிருந்தே அதைக் கற்றன. அதற்கான உரிமைத்தொகை வழங்கப்படும் நாள் வருமானால், 17-ஆவது பிரிவு இப்போதுள்ளபடியே நீடிக்கும் வரை, விளம்பரப் படத்துக்கான தொகை படம் எடுத்தவரைத் தாண்டி, எடுக்கச் சொன்ன நிறுவனத்துக்குப் போய்ச் சேரும். தன் வேலையைப் பறிக்கும் கருவிக்குத் தன் படமே பாடப்புத்தகமாக இருந்தும், அதற்கான ஈட்டுத்தொகையிலும் கலைஞருக்குப் பங்கிராது.

உடனடியாகச் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. 'மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்ற சொற்கள் சட்டத்திலேயே இருக்கின்றன. பதிப்புரிமை படம் எடுத்தவருக்கே உரியது, பயன்பாட்டு அனுமதி இன்ன ஊடகத்துக்கு, இத்தனை ஆண்டுகளுக்கு என்று வேலை தொடங்கும் முன்பு எழுதி, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் போதும். பெயர் பெற்ற கலைஞர் அப்படி எழுதி வாங்கிக்கொள்ள முடியும். முதல் வாய்ப்புக்காக விளம்பர நிறுவனத்தின் வரவேற்பறையில் காத்திருக்கும் இளைஞரால் அது இயலாது. அவருக்காகப் பேச வேண்டியது சட்டமே.

அதற்குப் பெரிய மசோதா தேவையில்லை. 'பி' உட்பிரிவில் புகைப்படம் என்று வரும் இடத்தில், சொந்த அல்லது குடும்பப் பயன்பாட்டுக்காக எடுக்கப்பட்ட புகைப்படம் என்று திருத்தினால் போதும். திருமணப் படம் குடும்பத்திடமே இருக்கும். விளம்பரப் படத்தின் உரிமை எடுத்தவரிடமிருந்து தொடங்கும். செயற்கை நுண்ணறிவுக்காகப் பதிப்புரிமைச் சட்டம் மீண்டும் அவைக்கு வரும் நாளில், இந்தச் சில சொற்களுக்காக எழுந்து பேச ஓர் உறுப்பினராவது முன்வருவாரா என்பதே கேள்வி.